இராமநாதன் கிருஷ்ணன்: இளமைக்கால ஆட்டம்

இராமநாதன் கிருஷ்ணன் (பிறப்பு: 11 ஏப்ரல் 1937, நாகர்கோவில்) இந்திய டென்னிஸ் வீரர். 1954ஆம் ஆண்டு, தமது 17ஆவது வயதில், விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரில் அரையிறுதிவரை சென்றதால், அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் உலகம் வியந்த அந்த ஆட்டம் பதின்பருவத்திலேயே உருத்திரண்டுவிட்டது. அந்த ஆண்டுகளுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

டென்னிஸ் தமிழகத்துக்கு கிளப்புகள் வழியாக வந்தது. இங்கிலாந்தில் முதல் விம்பிள்டன் போட்டி நடந்தது 1877இல். அதற்குப் பத்தே ஆண்டில், 1887இல், பழனி மலையில் கொடைக்கானல் கிளப் தோன்றிவிட்டது. கோடையைக் கழிக்க மலையேறிய வெள்ளைக்காரர்களுக்கு டென்னிஸ் மாலை நேரப் பொழுதுபோக்கு. சென்னையிலும் உதகையிலும் நிலைமை ஏறத்தாழ அதுதான். பின்னர் கல்லூரிகளும் அரசு ஊழியர்களும் ஆட்டத்தைக் கைக்கொண்டார்கள். என்றாலும் சாதாரணக் குடும்பத்துப் பையன் ஒருவன் மட்டை பிடிக்க வேண்டுமானால், வீட்டிலேயே யாராவது அதில் ஊறியவர் இருந்தாக வேண்டும். கிருஷ்ணனுக்கு அப்பா இருந்தார்.

தென்காசிப் பூர்வீகம் கொண்ட டி. கே. இராமநாதன் தேசிய அளவில் ஆடியவர். மகனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும், ஒவ்வொரு அடியையும் திருத்தியதும் அவரே. வெளிநாட்டுப் பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், ஆதரவு நிறுவனம் என்று இன்று ஒரு சிறுவனைச் சுற்றி நிற்கும் ஏற்பாடுகளில் எதுவும் அன்று இல்லை. கிருஷ்ணனின் சாதனையை அளக்கும் எவரும் இதை மறந்துவிடக் கூடாது.

சென்னை லயோலா கல்லூரியில் பெர்ட்ரம் போட்டி என்றொரு பந்தயம் நடக்கும். கல்லூரியின் நிறுவன முதல்வரான பாதிரியார் பெர்ட்ரமின் பெயரைத் தாங்கியது. கல்லூரி மாணவர்கள் மட்டுமே அதில் ஆடலாம். பள்ளிச் சிறுவனான கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. கல்லூரி முதல்வர் சிறப்பு அனுமதி அளித்தார். மீசை அரும்பிய, தன்னைவிட ஐந்தாறு வயது மூத்த மாணவர்களை வரிசையாகத் தோற்கடித்துக் கோப்பையை அவர் எடுத்துப்போனார். பின்னாளில் அதே கல்லூரியில் மாணவராகவும் சேர்ந்தார். நாட்டின் இளையோர் போட்டிகளிலும் பட்டங்கள் தொடர்ந்தன. 16 வயதிலேயே, 1953இல், டேவிஸ் கோப்பைக்கான இந்திய அணியிலும் இடம் கிடைத்தது.

அதே 1953இல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். எதிரில் நின்றவர் இங்கிலாந்தின் பில்லி நைட், இடக்கை ஆட்டக்காரர். 7-5, 6-4 என்று கிருஷ்ணன் தோற்றார். புல்தரைக்கு இன்னும் முழுமையாகப் பழகாத 16 வயதுப் பையன், உள்ளூர் வீரரிடம் இவ்வளவு நெருங்கி வந்து தோற்றது நல்ல அறிகுறி என்றே கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு மறுபடியும் இறுதி ஆட்டம். இம்முறை எதிராளி ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். கிருஷ்ணன் 6-2, 7-5 என நேர் செட்களில் வென்றார். கூப்பரை யாரோ ஒரு சிறுவர் என்று கடந்துவிட முடியாது: 1958ஆம் ஆண்டில் விம்பிள்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய மூன்று பெரும் பட்டங்களையும் ஆடவர் பிரிவில் வென்றவர் அவர்தான்.

கிருஷ்ணனின் சர்வீஸில் வேகம் குறைவு. புல்தரையில் அது பெருங்குறை. பந்து அங்கே அதிகம் எழும்பாது, சறுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். ஓங்கி சர்வ் அடித்துவிட்டு வலைக்கு ஓடுபவருக்கே அத்தரை சாதகம். இலவசப் புள்ளிகள் கிடைக்காத கிருஷ்ணன் ஒவ்வொரு புள்ளியையும் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அதற்கு அவர் கையில் இருந்தவை எதிராளியின் எண்ணத்தை முன்கூட்டியே படிக்கும் கண்ணும் மென்மையான கையும். எதிராளி காலடியில் பந்தைப் போட்டால், அது தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்தில், கணுக்கால் உயரத்திலேயே, குனிந்து மட்டையின் முகத்தைக் காட்டுவார். அவர் அடித்ததுபோலவே இருக்காது. வந்த வேகத்திலேயே பந்து திரும்பி, ஆளில்லாத மூலையில் விழும். இந்த ஹாஃப் வாலியை அன்றைய மர மட்டையில் ஆடுவது எளிதல்ல. இன்றைய மட்டையின் முகப்பரப்பு 100 சதுர அங்குலத்தை ஒட்டியது, அன்றையதோ 70ஐக்கூட எட்டாது. பந்து நடுவில் படாவிட்டால் கை அதிரும், குறி தப்பும். தலைக்கு மேல் தூக்கிப் போடும் லாப், வலையோரம் இறக்கிவிடும் டிராப் ஷாட் ஆகியவையும் இதே கையின் வேலைதான். வலு இல்லாததால் வந்த மாற்றுவழி என்று இதைச் சிலர் கருதலாம். என் மதிப்பீட்டில், வலுவை நம்பியவர்களில் பலருக்குக் கைவராத கலை இது.

சிறுவர் பட்டம் வென்றவரெல்லாம் பெரிய மேடையில் நிலைத்துவிடுவதில்லை. 1947இல் அழைப்பின் பேரில் ஆடும் பந்தயமாகத் தொடங்கிய விம்பிள்டன் சிறுவர் ஒற்றையரின் முதல் வெற்றியாளர் டென்மார்க்கின் கர்ட் நீல்சன். அவர் பிற்பாடு இருமுறை ஆடவர் இறுதி ஆட்டத்துக்கு வந்தும் கோப்பை கைகூடவில்லை. 1953இல் கிருஷ்ணனை வென்ற நைட் ஒற்றையரில் அந்த உயரத்தையும் தொடவில்லை. கிருஷ்ணனோ 1959இல் லண்டன் குயின்ஸ் கிளப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு டேவிஸ் கோப்பையில் ராட் லேவரைத் தோற்கடித்தார். தொழில்முறை டென்னிஸை நடத்திவந்த ஜாக் கிராமர், மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாகச் சொல்லி அழைத்தார். அன்று தொழில்முறைக்குப் போனவர் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் ஆட முடியாது. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். பரிசுப் பணமே இல்லாத அமெச்சூர் ஆட்டத்தில் நிலைத்து நின்று, 1961 விம்பிள்டன் காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார். அர்ஜுனா விருது 1961இலும் பத்மஸ்ரீ 1962இலும் பத்மபூஷண் 1967இலும் கிடைத்தன.

1954க்குப் பிறகு விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டம் இந்தியாவுக்கு இருமுறைதான் வந்திருக்கிறது. 1979இல் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் அதை வென்றார்; அதே ஆண்டு பிரெஞ்சு சிறுவர் பட்டமும் அவருடையதே. தந்தையின் மென்கை ஆட்டத்தை அப்படியே அவரிடமும் பார்க்கலாம். 1990இல் வென்ற லியாண்டர் பயஸ், அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் 1985இல் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில் பயின்றவர்.