டிராக்டர் எஞ்சின் பிக்கப் ஏறிய கதை

1989 மாடல் டாட்ஜ் பிக்கப்பின் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு டிராக்டர் எஞ்சின் இருந்தது. வரிசையாக ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், ஏறக்குறைய அரை டன் கனம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த கம்மின்ஸ் நிறுவனம், டிராக்டர் தயாரிக்கும் கேஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, வயலுக்கும் மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் என்று வடிவமைத்த எஞ்சின் அது. இன்று அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் கொண்ட வீட்டைத் தன் பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு ராக்கி மலைத்தொடரைத் தாண்டிப் போகிறார் என்றால், அதற்கு வழி திறந்தது அந்த எஞ்சின்தான்.

நமக்குத் தெரிந்த கேரவன் படப்பிடிப்புத் தளத்தில் நிற்பது. பெரும்பாலும் தானே ஓடக்கூடியது. அமெரிக்கர்களின் பெரிய கேரவன்களில் ஒரு வகைக்கு எஞ்சினே கிடையாது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம், ஏழெட்டு டன் எடை. அதை இழுக்க ஒரு பிக்கப் வேண்டும். ஃபோர்டு சூப்பர் டூட்டியா, செவர்லே சில்வராடோவா, டாட்ஜின் வாரிசான ராமா என்ற வழக்கு கேரவன்கள் கூடும் இடங்களில் எல்லாம் ஓயாமல் நடக்கிறது. வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் இந்த வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

படகுக்காகப் பிறந்த டிரெய்லர்

1914-இல் டெட்ராய்ட் நகரத்து மர வியாபாரி ஃபிரெடரிக் சிப்லி, தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி செய்து தரும்படி ஆகஸ்ட் ஃப்ரூஹாஃபிடம் கேட்டார். ஃப்ரூஹாஃப் கொல்லர், குதிரை வண்டிகள் செய்தவர். பின்பக்கம் மட்டும் சக்கரம் வைத்த ஒரு வண்டியைச் செய்து, அதன் முன்முனையை ஃபோர்டு மாடல் டி வாகனத்தின் மேல் ஏற்றிப் பூட்டினார். படகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மரம் ஏற்றவும் அதேபோல் வேண்டும் என்று சிப்லி மறுபடி வந்தார். சரக்கு லாரிகளின் பெரும் டிரெய்லர் தொழிலுக்கு அமெரிக்காவில் அடிகோலியவற்றுள் ஒன்று இந்த உல்லாசப் படகு வண்டி.

அந்தப் பூட்டை மறுபடி உல்லாசத்துக்கே கொண்டுவந்தவர் விமான முன்னோடி கிளென் கர்டிஸ். 1920-களின் இறுதியில் அவர் தயாரித்த ஏரோகார், விமானத்தின் உடல் போல் இலேசான சட்டகம் கொண்ட பயண வீடு. இழுக்கும் காரின் பின்பகுதியில் ஒரு விமான டயரைப் படுக்கவைத்து, டிரெய்லரின் கழுத்தை அதன் நடுவில் இறக்கிப் பூட்டினார். சாலையின் குலுக்கலை டயரின் காற்று வாங்கிக்கொண்டது. வாங்கியவர்கள் பணக்காரர்கள், ஆனால் பாரம் எங்கே விழ வேண்டும் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் இன்றுவரை மாறவில்லை.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பும். பம்பருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை இழுக்கும் வண்டியின் மேல் வைக்கிறது. அந்தப் பாரம் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் விழுவதால், குறுக்கே காற்றடித்தால் டிரெய்லர் வாலாட்டும். அது வண்டியையும் சேர்த்து ஆட்டும். பெரிய கேரவன்களை மாட்டும் ‘ஃபிஃப்த் வீல்’ பூட்டு பிக்கப்பின் தொட்டிக்குள், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் உட்கார்ந்திருக்கும். ஆட்டம் அடங்கும். ஆனால் எடையில் 15 முதல் 25 சதவீதம் பிக்கப்பின் முதுகில் ஏறும். ஏழு டன் கேரவன் என்றால் ஒரு டன்னுக்குக் குறையாது.

அந்த முதுகும் வலுப்பெற்றது. 1973-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பின்னால் நான்கு டயர்கள் கொண்ட ஒரு டன் பிக்கப்பை ‘பிக் டூலி’ என்ற பெயரில் கொண்டுவந்தது. பூட்டு இருந்தது, முதுகு இருந்தது. இழுப்பதற்கு இருந்தவை 7 லிட்டரைத் தாண்டிய பெட்ரோல் வி8 எஞ்சின்கள். மேட்டில் அவை குடிக்கும் பெட்ரோலுக்குக் கணக்கே இல்லை.

டீசலுக்கு வந்த கெட்ட பெயர்

டீசலைச் சாலைக்குக் கொண்டுவரத் தலைகீழாக நின்றவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். இண்டியானாவின் கொலம்பஸ் நகரத்தில் வங்கி முதலாளி டபிள்யூ.ஜி. இர்வினிடம் கார் ஓட்டுநராக இருந்தவர். அவருடைய பணத்தில் 1919-இல் கம்பெனி தொடங்கினார். வியாபாரம் மூழ்கும் நிலைக்கு வந்தபோது, ஒரு பேக்கார்ட் காரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, 1929 கிறிஸ்துமஸ் நாளில் இர்வினை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். முதலாளிக்கு நம்பிக்கை பிறந்தது. 1931-இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் கம்மின்ஸின் டீசல் கார் ஒரு தடவைகூட நிற்காமல் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தது. லாரிகளை டீசல் வென்றது. கார், பிக்கப் பக்கம் மட்டும் வரவில்லை.

வந்தபோது தவறான கதவு வழியாக வந்தது. எண்ணெய் விலை ஏறிய 1970-களில், எரிபொருளை மிச்சப்படுத்த ஜெனரல் மோட்டார்ஸ் 1978-இல் ஓல்ட்ஸ்மொபைல் டீசல் வி8 எஞ்சினை விற்பனைக்கு விட்டது. டீசலின் அழுத்தத்துக்கு அதன் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் ஈடுகொடுக்கவில்லை. கேஸ்கெட் கிழிந்து வண்டிகள் வழியில் நின்றன. டீசல் என்றாலே அமெரிக்கக் குடும்பங்கள் முகம் சுளித்தன. 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் எஞ்சினையும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்துகொடுத்த 6.9 லிட்டர் எஞ்சினை ஃபோர்டும் பிக்கப்பில் வைத்தன. இரண்டும் கம்பெனியிலிருந்து வரும்போது டர்போ இல்லாதவை. சமவெளியில் சிக்கனம், மலையில் காற்று மெலிந்ததும் மூச்சு வாங்கின.

இரண்டு பேரின் தேவை

டாட்ஜ் பிக்கப்பின் உடல் 1972-இல் வடிவமைத்தது. ஃபோர்டும் செவர்லேயும் சந்தையை எடுத்துக்கொள்ள, டாட்ஜ் மூன்றாவதாகப் பின்தங்கிக் கிடந்தது. கம்மின்ஸுக்கோ புதிய பி வரிசை எஞ்சின்களை ஆயிரக்கணக்கில் விற்க இடம் வேண்டியிருந்தது. புது உடல் செய்யக் காசில்லாதவர் புது எஞ்சினைத் தேடினார். எஞ்சின் வைத்திருந்தவர் உடலைத் தேடினார். அதில் பிறந்ததுதான் 1989 மாடல்.

காகிதத்தில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை: 160 குதிரைத்திறன். ஆனால் டார்க் 400 பவுண்ட்-அடி, அதாவது சுமார் 540 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் நிதானமாகச் சுற்றும் 1,700 ஆர்.பி.எம். அளவிலேயே கிடைத்தது. குதிரைத்திறன் வண்டி எவ்வளவு வேகமாக ஏறும் என்று சொல்லும். இந்தத் தாழ்ந்த சுற்றின் டார்க், எஞ்சினை அலறவிடாமல் பாரத்தோடு கிளம்ப முடியுமா என்று சொல்லும். டர்போ இருந்ததால் மலை உச்சியிலும் காற்றுக்குப் பஞ்சமில்லை. டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சியதால் மற்றவற்றைப்போல் குளிர்காலத்தில் குளோ பிளக் சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை. வயலில் நாள் முழுக்கப் பாரம் இழுப்பதற்காகக் கொடுத்த கனமான இரும்பு, மலைச்சாலையில் அப்படியே உதவியது.

குறை கியர்பாக்ஸில் இருந்தது. ஆட்டோமேட்டிக்குக்கு மூன்றே கியர், ஓவர்டிரைவ் கிடையாது. எஞ்சின் கொடுத்த இழுவையைத் தாங்கும் கியர்பாக்ஸை டாட்ஜ் கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆயின.

இதே எஞ்சின் குடும்பம் நம் சாலைகளிலும் ஓடியது. 1993-இல் தொடங்கிய டாட்டா கம்மின்ஸ், ஜாம்ஷெட்பூரில் பி வரிசையைத் தயாரித்து டாட்டா லாரிகளுக்குக் கொடுத்தது. இங்கே அது சரக்கு லாரியின் எஞ்சின். அங்கே அதே 5.9 லிட்டர் ஒரு குடும்பத்தின் சொந்த வண்டியில் உட்கார்ந்தது. அந்தச் சந்தையின் விசித்திரம் அதிலேயே தெரியும்.

போட்டியாளர்கள் விழித்துக்கொண்டார்கள். ஃபோர்டு 1994-இல் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டுவந்தது. டர்போவும் நேரடிப் பீய்ச்சலும் அதில் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுசுவோடு சேர்ந்து 2001 மாடலில் 6.6 லிட்டர் டுராமேக்ஸைக் கொண்டுவந்தது: 300 குதிரைத்திறன், 520 பவுண்ட்-அடி. அதைவிட முக்கியம், கூடவே வந்த ஆலிசன் கியர்பாக்ஸ். பஸ்களுக்கும் ராணுவ வண்டிகளுக்கும் கியர்பாக்ஸ் செய்து பழகிய, இண்டியானாபோலிஸைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி அது. எஞ்சின் மட்டும் போதாது என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டது இந்தக் கூட்டணிதான்.

அதே இண்டியானா மாநிலத்தின் வடக்கு முனையில் எல்க்ஹார்ட் நகரம் இருக்கிறது. அமெரிக்காவின் கேரவன் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே உள்ளன. அங்கிருந்து புதுக் கேரவன்களைச் சொந்த பிக்கப்பில் மாட்டி நாடெங்கும் கொண்டுசேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஓட்டுநர்கள் உண்டு. வண்டி இழுக்கிறது என்றதும் கேரவன் கம்பெனிகள் வீட்டைப் பெரிதாக்கின. நிறுத்தியபின் பக்கவாட்டில் சுவர் வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும் அமைப்பு 1990-களில் பரவியது. அதன் இரும்பும் மோட்டாரும் எடையைக் கூட்டின. எடை கூடியதால் பெரிய வண்டி, பெரிய வண்டி வந்ததால் இன்னும் கனமான வீடு. முப்பது ஆண்டுகளாக இந்த இரண்டும் ஒன்றையொன்று வளர்த்து வருகின்றன.

இறங்கத் தெரியாத எஞ்சின்

ஏற்றும் எஞ்சினைச் செய்த கிளெஸ்ஸி கம்மின்ஸுக்கே இறக்கத்தின் பயமும் வாய்த்தது. 1931-இல் அவரும் கூட்டாளிகளும் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஒரு டீசல் லாரியைச் சாதனை வேகத்தில் ஓட்டி வந்தார்கள். கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. கீழே தண்டவாளத்தைச் சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. ரயிலின் கடைசிப் பெட்டி கடந்த நொடியில் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது; மயிரிழையில் உயிர் தப்பினார்கள்.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டால் காற்றின் வழி அடைபடும். எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்த அடைப்பு இல்லை. காற்று தடையில்லாமல் உள்ளே வந்து வெளியே போகும், வண்டி உருண்டுகொண்டே இருக்கும். அந்தக் கணவாயை மறக்காத கம்மின்ஸ், ஓய்வுபெற்ற பிறகு ஒரு வழி கண்டார். பிஸ்டன் காற்றை அமுக்கி முடித்ததும் வால்வைத் திறந்து விட்டுவிட்டால், அமுக்கச் செலவழித்த சக்தி திரும்பி வராது, எஞ்சினே பிரேக்காகிவிடும். 1961-இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. ‘ஜேக் பிரேக்’ என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

பிக்கப்புகளில் இருப்பது அதன் தம்பி முறை. டர்போவின் இதழ்களை மூடிப் புகைவழியை நெருக்கி எஞ்சினைத் திணறவைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் அது. 2007-இல் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் இதைத் தன் டர்போவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிறந்தது. பிறகு மற்ற இருவரும் அந்த வழிக்கு வந்தார்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாலை ஓட்டுநரின் பாடம். இன்று பொத்தானை அழுத்தினால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து அந்தப் பாடத்தைத் தாமே படிக்கின்றன.

எண்களின் சண்டை

மூன்று கம்பெனிகளும் இழுவைத் திறனைத் தம் இஷ்டத்துக்கு அறிவித்த காலம் ஒன்று இருந்தது. வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே2807 என்ற பொது விதியை வகுத்தது. கோடை வெயிலில், ஏசி முழு அளவில் ஓட, அரிசோனாவின் டேவிஸ் அணை மேட்டை இவ்வளவு வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதில் ஒரு சோதனை. ஒரே அளவுகோல் வந்தபின் சண்டை உச்சத்துக்குப் போனது. 2019-இல் ராம் 1,000 பவுண்ட்-அடியைத் தொட்டது. 2023-இல் ஃபோர்டு 500 குதிரைத்திறன், 1,200 பவுண்ட்-அடி என்று அறிவித்தது. எஃப்-450 இழுக்கக்கூடியது 40,000 பவுண்ட், சுமார் 18 டன். 1989-இன் எஞ்சினைப்போல் மூன்று மடங்கு டார்க்.

அதற்கு விலையும் உண்டு. புகையைச் சுத்தப்படுத்த வடிகட்டி, யூரியா கரைசல், சென்சார்கள் என்று டிராக்டர் எஞ்சினின் எளிமை போய்விட்டது. ராம் பிக்கப் எஞ்சின்களில் மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்ற அரசின் குற்றச்சாட்டைத் தீர்க்க, 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

சரி, எதை வாங்குவது? டார்க் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்ப்பதில்லை. ஆட்களும் சுமையும் சேர்ந்து வண்டி எவ்வளவு தாங்கும் என்று அதில் இருக்கும். பின்னால் இரண்டே டயர் கொண்ட முக்கால் டன் வகை டீசல் பிக்கப்புகள் பலவற்றில் அது ஒரு டன்னை ஒட்டியே நிற்கும். கனமான டீசல் எஞ்சினே அந்தக் கணக்கில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. விளம்பரம் ஒன்பது டன் இழுக்கும் என்கிறது. ஏழு டன் கேரவன் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை முதுகில் வைத்தாலே 1.4 டன், தாங்கும் அளவு குடும்பம் ஏறி உட்காரும் முன்பே தாண்டிவிட்டது. இழுக்க முடிவது வேறு, சுமக்க முடிவது வேறு.

பாரத்தைத் தாங்கும் பூட்டு 1914-இலும், இறக்கத்தின் பயம் 1931-இலும், ஏற்றத்துக்கான எஞ்சின் 1989-இலும் வந்தன. வாங்குகிறவரும் அந்த வரிசையிலேயே போவது நல்லது: முதலில் பின் ஆக்ஸிலும் கதவுச் சீட்டும், அடுத்து எக்ஸாஸ்ட் பிரேக்கும் கியர்பாக்ஸும், கடைசியில் எஞ்சின். முதல் இரண்டையும் சரியாகத் தேர்ந்தவருக்கு இன்றைய மூன்று எஞ்சின்களில் எதுவும் தேவைக்கு மிஞ்சியதே.