நாய்க்கும் பெயர் இருந்தது

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாற்றின் முதல் பாடமே முதல் உலகப்போர்தான். திண்டிவனத்தில் எந்த மாணவனைக் கேட்டாலும் சரயேவோ, 1914 என்று தடுமாறாமல் சொல்வான். அந்தப் போர் நம்ம பக்கம் வந்துச்சா என்று கேட்டால், "அதெல்லாம் ஐரோப்பாவுல சார்" என்பான். விழுப்புரத்திலும் இதே பதில்தான் கிடைத்தது.

ஆனால் கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று அவன் தாத்தா சொல்லியிருப்பார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. 1942 ஏப்ரலில் ஜப்பான் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியதும் சென்னையே காலியானது. மூட்டைமுடிச்சோடு தெற்கே போனவர்களின் ரயில்கள் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான் ஓடின. விழுப்புரத்திலிருந்து திருச்சி போகும் சாலையில், உளுந்தூர்பேட்டையில், அந்தப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் இன்னும் கிடக்கிறது.

போர் வந்தது. போனவர்கள் யார் என்பதுதான் பதிவாகவில்லை. முதல் போருக்குப் பிறகு பல கிராமங்களில் ஆங்கிலேயர் கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள், அவ்வளவுதான். வெறும் எண்ணிக்கை. இறந்தவர் எவருக்கும் தனித்தனியே பெயர் பொறித்து, பதவி, இனம் பாராமல் மதிப்பது என்று 1917இல் தொடங்கிய பிரிட்டிஷ் போர்க் கல்லறை ஆணையம், இந்தியரையும் ஆப்பிரிக்கரையும் அப்படி நடத்தவில்லை என்று 2021இல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இரண்டாம் போரில் நிலைமை இன்னும் மோசம். ஜப்பானியர் சயாம்–பர்மா இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டபோது 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னாற்காடு, மலாயாவுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. காஞ்சனபுரியில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒன்று இல்லை.

நினைவுகூரத் தெரியாத சமூகமா நாம்? பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூருக்குப் போய்ப் பாருங்கள். மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. செத்த வீரன் கருந்தேவக்கத்தி. கூடவே நின்று கள்வரைக் கடித்த நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்தார்கள். 1,400 வருடத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக் கிடைத்தது, இருபதாம் நூற்றாண்டில் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

அதனால் உலகப்போர் பாடத்துக்கு ஒரு வீட்டுப்பாடம் போதும் என்று நினைக்கிறேன். ரங்கூன், பினாங்கு, பட்டாளம் என்று போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பெயரை எழுதி வரட்டும். ஊர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வருடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய கடைசி ஆட்களுக்கு இப்போது தொண்ணூறு வயதாகிறது.