வாய்க்கால் வெட்டிய கெடாவில் நீரை நிறுத்தும் திடல்

மாணவர்களே, வான் மாட் சமான் வாய்க்கால் பற்றிக் கேள்வி வந்தா எப்படி எழுதுவீங்க? 1885இல் வெட்டத் தொடங்கினார்கள். அலோர்ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் வரை சுமார் 35 கிலோமீட்டர். சதுப்பு நிலம் நெல்வயலானது. சரிதான். இரவில் தீப்பந்தம் வைத்து நேர்கோடு பார்த்த கதையையும் சேர்ப்பீங்க, அதை யாரும் மறப்பதே இல்லை! ஆனா அதோட நிறுத்திடாதீங்க. தேங்கிய நீரை வடிப்பது கெடா வரலாற்றில் ஒரு பாதிதான்.

மறுபாதி ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது. ஆரம்பத்தில் மரத்தடியில் புல் இல்லாமல் செதுக்கி வைத்தார்கள். மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போனது. பிறகுதான் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, மரவரிசைகளுக்கிடையே குழி வெட்டி, அவரையினக் கொடிகளைப் படரவிட்டார்கள். மழைநீர் குழியில் நின்று மண்ணில் ஊறியது. நம்ம தாத்தாமார்கள் பால்மரம் வெட்டியதைப் பேசுகிறோம். குழி வெட்டியதைப் பேசுவதில்லை.

சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கம் பல தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. கூரையிலும் தார்ச்சாலையிலும் விழும் மழை எங்கே ஊறும்? லோங்காங் வழியாக ஒரே நேரத்தில் ஆற்றுக்கு ஓடுகிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 1975 கையேடும் நீரைச் சீக்கிரம் வெளியேற்றும் வழியைத்தான் சொன்னது. 2001 தொடக்கம் நடைமுறைக்கு வந்த 'மஸ்மா' கையேடு அதை மாற்றியது. மேம்பாடு நடக்கும் இடத்திலேயே மழைநீரைத் தடுத்து நிறுத்தி, மெல்ல விடவேண்டும். அதற்குக் குளமும் உதவும், சற்றுத் தாழ்த்திய விளையாட்டுத் திடலும் உதவும்.

சிக்கல் இங்கேதான். வடிகால் ஓர் இலாகா பொறுப்பு, பூங்கா நகராண்மைக் கழகப் பொறுப்பு. இருவரும் சேர்ந்து திட்டமிடாவிட்டால் குளம் வேலிக்குள் குப்பையோடு கிடக்கும்.

சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிங்கப்பூரின் பீஷான் பூங்கா நல்ல சான்று. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து, 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றின. 2012இல் திறந்தார்கள். கனமழையில் ஆறு பூங்காவுக்குள் பரவும். எச்சரிக்கை விளக்கும் சங்கொலியும் மக்களை மேட்டுக்கு அனுப்பும். நீர் வடிந்ததும் பிள்ளைகள் மறுபடி விளையாட வருவார்கள்.

உங்க தாமான் குளத்தை வேலிக்கு வெளியே நின்று பாருங்க. பலகையில் எந்த இலாகாவின் பெயர் இருக்கிறது? அந்த இடம் முன்பு எந்தத் தோட்டம்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவாங்க.