மின்வணிகம்

மின்வணிகம் அல்லது இலத்திரனியல் வணிகம் என்பது இணையம் முதலிய கணினி வலையமைப்புகளின் ஊடாகப் பொருட்களையும் சேவைகளையும் வாங்குவதையும் விற்பதையும் குறிக்கும். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு தரும் வரைவிலக்கணத்தின்படி, கொள்முதல் ஆணை அதற்கென அமைந்த முறையில் வலையமைப்பின் வழியாக இடப்பட்டால் போதுமானது. பணம் செலுத்துவதும் பொருள் வந்து சேர்வதும் இணையத்திற்கு வெளியே நிகழலாம். எனவே இணையத்தில் ஆணையிட்டு, பொருள் வாசலுக்கு வந்தபின் ரொக்கம் கொடுத்தாலும் அது மின்வணிகமே. தொலைபேசியில் பேசி மளிகைப் பொருட்களை வரவழைப்பது இவ்வரைவிலக்கணத்துள் அடங்காது.

கடையில் வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். விற்பவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொள்கிறார். மின்வணிகத்தில் இவ்விரண்டும் இல்லை. ஒருவரையொருவர் அறியாத இருவர் எதை வைத்து நம்புவது, நட்டம் ஏற்பட்டால் அதை யார் ஏற்பது என்பனவே இத்துறையின் அடிப்படைக் கேள்விகள் ஆகும். இதில் பயன்படும் தொழில்நுட்பங்களும் சட்டங்களும் பெரும்பாலும் இக்கேள்விகளுக்கு விடையாக உருவானவை.

வரலாறு

1960களில் பெருநிறுவனங்கள் கொள்முதல் ஆணைகளையும் விலைப்பட்டியல்களையும் கணினிக்குக் கணினி அனுப்பத் தொடங்கின. இது மின்னணுத் தரவுப் பரிமாற்றம் எனப்பட்டது. 1979இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஆல்ட்ரிச் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசி இணைப்பின் மூலம் கணினியுடன் இணைத்துத் தொலைவிலிருந்து வாங்கும் முறையை உருவாக்கினார். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனம் உலாவிக்கும் வழங்கிக்கும் இடையிலான தொடர்பை மறையீடு செய்யும் நெறிமுறையை உருவாக்கியது. இது கடனட்டை எண்ணை இணையத்தில் அனுப்புவதற்கு வழி திறந்தது. 1995 சூலையில் அமேசான் நூல் விற்பனையைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஈபே ஏலத்தளம் தோன்றியது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. 1996இல் வணிக நிறுவனங்களை ஒன்றோடொன்று இணைக்கும் இந்தியாமார்ட் தளம் நிறுவப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி, 1997இல் முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் இருந்தபோது தமிழர்களுக்காக நடத்திய தளத்திலிருந்து வளர்ந்ததாகும். 1999இல் பெங்களூரில் ஃபேப்மார்ட் தொடங்கப்பட்டது.

2002 ஆகத்தில் இந்திய ரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகம் இணையவழிப் பயணச்சீட்டு விற்பனையைத் தொடங்கியது. தொடக்கத்தில் பயணச்சீட்டு தூதஞ்சலில் வீட்டிற்கு அனுப்பப்பட்டது. 2005இல் பயணி தாமே அச்சிட்டுக்கொள்ளும் மின்பயணச்சீட்டு வந்தது. தொடர்வண்டிப் பயணச்சீட்டைத் தொட்டுப் பார்த்துத் தரம் அறிய வேண்டியதில்லை. விற்பவரும் அனைவரும் அறிந்த அரசு நிறுவனம். இத்தகைய சேவைகள் வழியாகவே பலர் முதன்முறையாக இணையத்தில் பணம் செலுத்தினர்.

2007இல் பெங்களூரில் பிளிப்கார்ட் நூல் விற்பனைத் தளமாகத் தொடங்கியது. 2010இல் அது பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தியது. அட்டை இல்லாதவர்களும், முன்பணம் செலுத்த அஞ்சியவர்களும் இதனால் வாங்கத் தொடங்கினர். 2013 சூனில் அமேசான் இந்தியாவில் விற்பனைத் தளத்தைத் திறந்தது.

வகைகள்

பங்கு கொள்பவர்களைப் பொறுத்து மின்வணிகம் பின்வருமாறு பிரிக்கப்படும்.

* வணிகர் - நுகர்வோர்: நிறுவனம் தனிநபருக்கு விற்பது. நூல், உடை, பயணச்சீட்டு விற்பனை இதில் அடங்கும்.
* வணிகர் - வணிகர்: நிறுவனங்களுக்கு இடையிலானது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலுள்ள சிறு தொழிற்சாலை ஒன்று மூலப்பொருளை இணையச் சந்தையில் வாங்குவது இவ்வகையைச் சேரும்.
* நுகர்வோர் - நுகர்வோர்: பழைய மிதிவண்டி, நூல் முதலியவற்றைத் தனிநபர்கள் தமக்குள் விற்பது.
* வணிகர் - அரசு: அரசுத் துறைகள் இணையவழியில் கொள்முதல் செய்வது. இந்தியாவில் இதற்கென அரசு மின்சந்தை 2016 ஆகத்தில் தொடங்கப்பட்டது.

அமைப்பைப் பொறுத்து இருப்பு முறை, சந்தை முறை என இரு வகைகள் உண்டு. இருப்பு முறையில் தளமே பொருளை வாங்கி வைத்து விற்கிறது. சந்தை முறையில் தளம் இடத்தை மட்டும் தருகிறது, விற்பவர் வேறொருவர். இந்திய விதிகளின்படி சந்தை முறையில் நூறு விழுக்காடு வெளிநாட்டு முதலீடு அனுமதிக்கப்படுகிறது. இருப்பு முறைக்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே பெரிய தளம் ஒன்றில் வாங்குபவர், உண்மையில் தாம் கேள்விப்படாத ஒரு வணிகரிடமே வாங்குகிறார். தளத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் விற்பவரின் பெயரையும் பார்ப்பது இதனால் இன்றியமையாதது.

ஓர் ஆணையின் போக்கு

திருவள்ளூர் மாவட்டத்தில் பூந்தமல்லியை அடுத்துள்ள சென்னீர்குப்பத்தில் வாழும் மாணவர் ஒருவர் பெங்களூரிலுள்ள வணிகரிடம் பாடநூல் ஒன்றை வாங்குவதாகக் கொள்வோம். அவருடைய ஆணை பின்வரும் படிகளைக் கடக்கிறது.

1. நூலின் படம், விலை, இருப்பு ஆகியவை தளத்தின் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் காட்டப்படுகின்றன.
2. மாணவர் முகவரி தருகிறார். தளம் முதலில் நோக்குவது அஞ்சல் குறியீட்டு எண்ணையே. 1972இல் அறிமுகமான இந்த ஆறிலக்க எண்ணைக் கொண்டே விநியோகம் உண்டா, எத்தனை நாளாகும் என்பன கணிக்கப்படுகின்றன. பூந்தமல்லியின் எண் 600056 ஆகும். மாவட்டம் திருவள்ளூர் ஆயினும் எண் சென்னை வரிசையைச் சேர்ந்தது. அஞ்சல் எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல என்பதற்கு இது எடுத்துக்காட்டு.
3. பணம் செலுத்தப்படுகிறது அல்லது பெறும்போது செலுத்துவதாகக் குறிக்கப்படுகிறது.
4. தளம் ஆணையை உறுதி செய்து வணிகருக்குத் தெரிவிக்கிறது. அவர் பொதி செய்து பட்டைக்குறி ஒட்டுகிறார்.
5. பொதி வகைபிரிப்பு நிலையங்களின் வழியாகப் பயணம் செய்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலை பூந்தமல்லியைக் கடந்தே சென்னைக்குள் செல்கிறது. எனினும் பொதி அங்கே இறக்கப்படாமல், தொலைவிலுள்ள வகைபிரிப்பு நிலையத்திற்குச் சென்று திரும்பவும் வரக்கூடும். ஒவ்வொரு பொதியையும் தனியாக இறக்குவதைவிட மொத்தமாகப் பிரிப்பது செலவு குறைந்தது என்பதே காரணம்.
6. இறுதியாக விநியோக ஊழியர் வீட்டில் ஒப்படைக்கிறார். இக்கடைசிப் பகுதியே தொலைவில் குறைந்ததாயினும், ஒரு பொதிக்கு ஆகும் செலவில் மிகுந்த பங்கு கொண்டது.

பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் முறையில், வாங்குபவர் வீட்டில் இல்லாவிட்டாலோ மறுத்துவிட்டாலோ இரு வழிப் போக்குவரத்துச் செலவும் வீணாகிறது. வாங்குபவரின் அச்சம் நீங்கினாலும் நட்ட அபாயம் மறையவில்லை. அது விற்பவரிடம் மாறியது எனலாம்.

கொடுப்பனவு

அட்டை வழியாகச் செலுத்தும்போது தகவல் கொடுப்பனவு நுழைவாயில், வணிகரின் வங்கி, அட்டை வலையமைப்பு ஆகியவற்றைக் கடந்து வாங்குபவரின் வங்கியை அடைகிறது. அது ஒப்புதல் அளிப்பது சில நொடிகளில் முடியும். பணம் வணிகரின் கணக்கைச் சேர்வது பின்னர் நிகழும்.

இணையவழி அட்டைக் கொடுப்பனவுகளுக்கு அட்டையில் அச்சிடப்படாத கூடுதல் சான்று ஒன்று தேவை என்ற இந்திய ரிசர்வ் வங்கியின் விதி 2009 ஆகத்தில் நடைமுறைக்கு வந்தது. ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் பரவலானது இதன் விளைவே. 2022 அக்டோபர் முதல் வணிகத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமித்து வைக்க இயலாது. அதற்குப் பதிலாக வேறிடத்தில் பயன்படாத மாற்றுக் குறியீடு ஒன்று வைக்கப்படுகிறது.

இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. முறையை அறிமுகப்படுத்தியது. இதில் இரகசிய எண் பணம் அனுப்புவதற்கு மட்டுமே தேவை; பெறுவதற்குத் தேவையில்லை. பணம் தருவதாகக் கூறி இரகசிய எண்ணை இடச் சொல்பவர் உண்மையில் பணத்தை எடுக்கவே முயல்கிறார்.

பாதுகாப்பு

உலாவி ஒரு தளத்துடன் இணையும்போது அத்தளத்தின் மின்சான்றிதழைச் சரிபார்க்கிறது. பின்னர் இருபக்கமும் பொதுத் திறவுகோல் முறையைப் பயன்படுத்தி, அந்த அமர்வுக்கு மட்டுமான இரகசியத் திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. முகவரியின் தொடக்கத்தில் உள்ள எச்.டி.டி.பி.எஸ். என்பது இதனைக் குறிக்கும். ஆனால் இது வழியின் பாதுகாப்பை மட்டுமே காட்டுகிறது. மறுமுனையில் இருப்பவரின் நேர்மையைக் காட்டுவதில்லை. போலித் தளங்களும் இத்தகைய சான்றிதழைப் பெற இயலும்.

சட்டம்

ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1996இல் மின்வணிகத்திற்கான மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. அதன் அடிப்படையில் இயற்றப்பட்ட இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்னணுப் பதிவுகளுக்கும் மின்னொப்பத்திற்கும் இது சட்ட ஏற்பளித்தது. மின்வழியில் உருவானது என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது என்னும் 10ஏ பிரிவு 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. இலங்கையில் இதற்கு இணையான மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது.

இச்சட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டில் தீர்க்கப்பட்ட வழக்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. 2007இல் வெளிநாட்டில் பணியாற்றிய ஒருவர், தம் வங்கியிலிருந்து வந்தது போலத் தோன்றிய மின்னஞ்சலை நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்தார். தூத்துக்குடிக் கிளையிலிருந்த அவருடைய கணக்கிலிருந்து சுமார் 6.46 இலட்சம் ரூபாய் எடுக்கப்பட்டது. தவறு வாடிக்கையாளருடையது என்று வங்கி வாதிட்டது. 2010 ஏப்ரலில் தீர்ப்பு அலுவலராகச் செயற்பட்ட மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதுமானவை அல்ல எனக் கண்டு, 12.85 இலட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டார்.

2017இல் ரிசர்வ் வங்கி இப்பொறுப்பை விதிகளாக வகுத்தது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ அன்றி வேறிடத்துக் குறைபாட்டால் பணம் போயிருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு நட்டம் இல்லை. கடவுச்சொல்லைத் தாமே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான நட்டம் அவருடையது; தெரிவித்த பின் நிகழ்வது வங்கியுடையது. ஆகவே இங்கு நேரமே பணம். மோசடி நிகழ்ந்தவுடன் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

நுகர்வோர் உரிமைகள்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020 சூலையில் வெளியான மின்வணிக விதிகளும் பின்வருவனவற்றை வகை செய்கின்றன.

* தளம் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும்.
* சந்தைத் தளம் விற்பவரைப் பற்றிய விவரங்களைக் காட்ட வேண்டும்.
* முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டங்களை வாங்குபவரின் இசைவாகக் கொள்ளக் கூடாது.
* நுகர்வோர் தாம் வாழும் அல்லது பணியாற்றும் இடத்திலுள்ள ஆணையத்திலேயே முறையிடலாம்.

இறுதியாகக் கூறிய உரிமை பெரிய மாற்றமாகும். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், பொதுவாக எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தில் அல்லது வழக்கிற்கான காரணம் எழுந்த இடத்திலேயே முறையிட முடிந்தது. இப்போது சென்னீர்குப்பத்து மாணவர் பெங்களூர் வணிகர் மீது திருவள்ளூர் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை என 2020ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண் ஆகும். விலைப்பட்டியல், ஆணை எண், பொதியைத் திறக்கும்போது எடுத்த ஒளிப்படம் ஆகியவற்றை வைத்திருப்பது சான்றாகப் பயன்படும்.

நன்மைகளும் குறைகளும்

தொலைவிலுள்ள வாங்குவோரைச் சிறு உற்பத்தியாளர் அடைய முடிவதும், விலைகளை எளிதில் ஒப்பிட முடிவதும், அரிய நூல்களும் உதிரிப்பாகங்களும் எவ்வூரிலும் கிடைப்பதும் இதன் நன்மைகள். தளங்கள் பெறும் தரகுத் தொகை, ஒரு சில தளங்களிடம் விற்பனை குவிதல், தெருக்கடைகளின் வருவாய் குறைதல், பொய்யான மதிப்புரைகள், பொதிக் குப்பை ஆகியவை குறைகளாகக் கூறப்படுகின்றன. குவிதலைக் குறைக்கும் நோக்குடன், எந்தச் செயலியிலிருந்தும் எந்தக் கடையையும் அடையத்தக்க திறந்த வலையமைப்பு ஒன்று 2022 ஏப்ரலில் கோயம்புத்தூர் உள்ளிட்ட ஐந்து நகரப் பகுதிகளில் சோதனையாகத் தொடங்கப்பட்டது.

விநியோக ஊழியர்கள் பலர் நிரந்தரப் பணியாளர்களாக அன்றி, ஒவ்வொரு பொதிக்கும் ஊதியம் பெறுபவர்களாக உள்ளனர். விபத்து, மழை, மறுக்கப்பட்ட பொதி ஆகியவற்றின் சுமை பெரும்பாலும் அவர்கள் மீதே விழுகிறது. இத்தகைய இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கென நல வாரியம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2023இல் ஏற்படுத்தியது.