ஏப்ரன் கட்டிய விருந்து

நியூயார்க்கின் பெரிய ஸ்டேக் உணவகங்களில் பரிமாறும் முறை அரண்மனை விருந்திலிருந்து இறங்கி வந்ததல்ல. கசாப்புக் கடையிலிருந்தும் பீர் விடுதியிலிருந்தும் மேலேறி வந்தது. இன்று ஒரு ஸ்டேக்குக்கு அங்கே பெருந்தொகை கேட்கிறார்கள். பரிமாறுபவர் இடுப்பிலோ இறைச்சி வெட்டுபவரின் வெள்ளை ஏப்ரன்தான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரில் 'பீஃப்ஸ்டேக்' என்றே ஒரு விருந்துக்குப் பெயர். அரசியல் கட்சிக் கிளைகளும் தொழில் சங்கங்களும் நடத்திய விருந்து அது, ஆண்களுக்கு மட்டும். கத்தி, முள்கரண்டி, நாப்கின் எதுவும் கிடையாது. வந்தவர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு, மரப்பெட்டிகளில் உட்கார்ந்து, வெண்ணெயில் தோய்ந்த இறைச்சித் துண்டுகளை ரொட்டியோடு கையால் தின்றார்கள். கை துடைக்க அந்த ஏப்ரனேதான். முகமெல்லாம் கொழுப்பு வழிய அதிகம் தின்றவருக்கே அங்கே மரியாதை. 1920இல் அமெரிக்கப் பெண்களுக்கு நாடெங்கும் வாக்குரிமை கிடைத்தது. கட்சிக்காரர்கள் அவர்களையும் விருந்துக்கு அழைக்க வேண்டியதாயிற்று. பின்னாலேயே கத்தியும் முள்கரண்டியும் காக்டெயிலும் பாட்டுக் குழுவும் வந்து சேர்ந்தன. ஜோசப் மிட்செல் 1939இல் 'நியூயார்க்கர்' இதழில் இந்த மாற்றத்தைப் பாதி வேடிக்கையும் பாதி வருத்தமுமாக எழுதினார்.

உணவகங்களிலும் பெண்களுக்கு இதே கதவடைப்பு இருந்தது. 1885இல் ஆல்பர்ட் கீன் தொடங்கிய கீன்ஸ் நாடகக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் கூடும் இடம். 1905இல் உள்ளே விட மறுத்ததற்காக நடிகை லில்லி லாங்ட்ரி வழக்குப் போட்டு வென்ற கதையை அந்த உணவகமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. தோற்ற வழக்கையும் விளம்பரமாக்கத் தெரிந்த கடை! அங்கே புகைக்கப் பயன்பட்ட நீண்ட களிமண் குழாய்கள் எளிதில் உடையும் என்பதால் வாடிக்கையாளர்கள் அவற்றைக் கடையிலேயே விட்டுச் செல்வார்கள். கேட்டால் கடைப் பையன் எடுத்து வந்து தருவான். அப்படிச் சேர்ந்த 50,000க்கும் மேற்பட்ட குழாய்கள் இன்றும் கூரையில் தொங்குகின்றன.

புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில் 1887இல் தொடங்கியது பீட்டர் லூகர். அங்கே போர்ட்டர்ஹவுஸ் இறைச்சியை ஆள் கணக்கில் கேட்க வேண்டும்: இருவருக்கு, மூவருக்கு, நால்வருக்கு. நடுவில் எலும்பு, ஒருபுறம் மென்மையான சதை, மறுபுறம் சற்று இறுக்கமான சதை. சமையலறையிலேயே துண்டு போட்டு, எலும்பைச் சுற்றிப் பழையபடி அடுக்கி, சுடச்சுடத் தட்டில் வரும். சர்வர் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வைத்து, பெரிய தட்டின் ஒரு விளிம்பை அதன்மேல் ஏற்றுவார். உருகிய வெண்ணெயும் இறைச்சிச் சாறும் சரிவில் தேங்கும். ஒவ்வொருவருக்கும் இருபுறச் சதையிலும் ஒரு துண்டு வைத்து, தேங்கியதைக் கரண்டியால் மொண்டு மேலே ஊற்றுவார். பீங்கான் பாத்திரக் கடையில் தனிக் கருவி தேட வேண்டியதில்லை. கவிழ்த்த தட்டே போதும். 1950இல் கடை ஏலத்துக்கு வந்தபோது எதிரே தொழிற்சாலை வைத்திருந்த வாடிக்கையாளர் சோல் ஃபோர்மன் வாங்கினார். சடங்கு மாறவில்லை.

சங்கிலி உணவகங்கள் பெருகிய பிறகுதான் புதுச் சடங்குகள் முளைத்தன. ரூத் ஃபெர்டெல் 1965இல் நியூ ஆர்லியன்ஸில் கிறிஸ் ஸ்டேக் ஹவுஸை வீட்டை அடகு வைத்து வாங்கினார். உயர்தர உணவகங்களில் ஆண்களே பரிமாறிய அவ்வூரில், குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் பெண்களை வேலைக்கு வைத்தார். கொதிக்கும் தட்டில் வெண்ணெய் சீறும் ஓசையோடு ஸ்டேக்கை மேசைக்கு அனுப்பியது அவர் கடையின் அடையாளமாயிற்று. 1978இல் சிகாகோவில் திறந்த மார்ட்டன்ஸ், பச்சை இறைச்சித் துண்டுகளையே வண்டியில் மேசைக்குத் தள்ளிவந்து காட்டியது. எது வேண்டுமோ பார்த்துச் சொல்லலாம். கசாப்புக் கடையில் வாடிக்கையாளர் செய்வதும் அதுதானே.

தட்டு வந்ததும் சர்வர் உடனே நகர்ந்துவிடாமல், நடுவில் வெட்டிப் பார்க்கச் சொல்வது இன்று பல ஸ்டேக் உணவகங்களில் வழக்கம். 'மீடியம் ரேர்' கேட்டவருக்கு உள்ளே இளஞ்சூட்டுச் சிவப்பு தெரிய வேண்டும். வெந்தது போதாவிட்டால் மீண்டும் அடுப்புக்கு அனுப்பலாம். மிகையாக வெந்துவிட்டால் புதிதாக ஒன்று சுட வேண்டியதுதான். அந்தச் செலவு கடைக்கு.