வகுப்பறையில் இடம், பந்தியில் இடம்

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், சமுதாயத்தின் கல்வி வரலாறு குறித்து எழுதுமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். தொடக்கக் கல்வியைப் பற்றி மேடைதோறும் பேசிவிட்டோம். பள்ளியிறுதித் தேர்வில் தேறிய நம் பிள்ளை, பெட்டியும் படுக்கையுமாகச் சென்னைக்கு வந்து ஒரு பெரிய வளாகத்தின் வாயிலில் நிற்கும்போது அவனுக்கு என்ன நேர்கிறது என்பதைக் குறித்து நாம் பேசியது குறைவு. ஆதலின் அதனையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

சேப்பாக்கத்தில் கடலை நோக்கி நிற்கும் செனட் மண்டபத்தினின்று தெற்கே புறப்படுவோம். மாநிலக் கல்லூரி, மயிலாப்பூரின் எல்லையில் இராணி மேரிக் கல்லூரி, நந்தனத்தில் அரசு கலைக் கல்லூரி, சைதாப்பேட்டையில் ஆசிரியர் கல்லூரி, அடையாற்றைக் கடந்தால் அண்ணா பல்கலைக்கழகம், இந்தியத் தொழில்நுட்பக் கழகம் என வளாகங்கள் தொடர்ந்து வரும். ஒரே பிற்பகலில் இவற்றைச் சுற்றி வந்துவிடலாம். ஆனால் இவ்வாயில்களைக் கடக்க நம் மக்களுக்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

மாணவனுக்கு வளாகத்தில் வேண்டிய இடம் இரண்டு. ஒன்று வகுப்பறையில் உள்ள இடம். அதனை அரசாணை தரும். மற்றொன்று பந்தியிலும் விடுதி அறையிலும் விளையாட்டுத் திடலிலும் நண்பர் கூட்டத்திலும் உள்ள இடம். அதனை ஆணை மட்டும் தந்துவிடுவதில்லை. இவ்விரண்டும் ஒரே காலத்தில் வந்தவை அல்ல என்பதே நம் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

மணி அடித்த பின் நுழைந்த மாணவர்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி அமைந்த அது, தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் சொல்லும் பணியை மாநிலக் கல்லூரி முதலிய கல்லூரிகள் செய்தன. வாயிலில் எவ்வகைத் தடையும் எழுதி வைக்கப்படவில்லை. ஆயினும் உயர்கல்வி பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் ஒரு வகுப்பினராகவே இருந்தனர்.

அக்காலத்தில் நம் பிள்ளை ஒருவன் உள்ளே நுழைந்தால் எவ்வாறு இருந்திருப்பான்? இதற்கு விடையாக, தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939இல் வெளியிட்ட தம் ‘ஜீவிய சரித்திரச் சுருக்கம்’ என்னும் நூலில் தம் மாணவப் பருவத்தைப் பதிவு செய்துள்ளார். அவர் கோயம்புத்தூர்க் கலாசாலையில் பயின்றபோது ஏறத்தாழ 400 மாணாக்கர் இருந்தனர். அவர்களுள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். எவரிடமேனும் நட்புக்கொண்டால் தம் சாதியையும் இருப்பிடத்தையும் கேட்டறிந்து இழிவாக நடத்துவார்களோ என அவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வார். வகுப்பு கலைந்ததும், பிற மாணவர் தம்மை எட்டாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார்.

வகுப்பில் அவருக்கு இடம் இருந்தது. மணி அடிக்கும் முன்னும் கலைந்த பின்னும்தான் அவருக்கு இடமில்லை. பின்னாளில் 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கித் தம் குலப்பெயரையே கொடியாக உயர்த்தியவரும், வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவரும் இவரே. அஞ்சி நடந்த சிறுவன் அஞ்சாத தலைவராக வளர்ந்தார் என்பதை நம் இளைஞர் மறக்கலாகாது.

அடையாற்றில் விழுந்த விதை

கடற்கரையில் பட்டமளிப்பு விழாக்கள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், சில கல் தொலைவில் இருந்த நம் சேரிகளில் எழுத்தறிவிக்கும் பள்ளியே இல்லை. கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றுப் பக்கத்து ஊரூரில் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளி திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. இம்முயற்சிகளின் காலத்தில் ஆல்காட்டுடன் தொடர்புகொண்டிருந்த பண்டிதர் அயோத்திதாசர், 1907 முதல் இராயப்பேட்டையிலிருந்து ‘தமிழன்’ இதழை நடத்திக் கல்வியின் தேவையை வாரந்தோறும் எடுத்துரைத்தார்.

இன்று பெருமாளிகைகளும் கடைவீதிகளும் நிறைந்த இப்பகுதிகளே நம் முன்னோர் அகரம் எழுதிய இடங்கள் என்பதை அறிவோமாக.

எங்கே தங்குவது? எங்கே உண்பது?

வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து படிப்போர்க்குப் பாடத்தைவிடப் பெரிய சிக்கலாக இருந்தது தங்குமிடமும் சோறுமே. உணவு விடுதிகளிலும் மாணவர் இல்லங்களிலும் சாதி பார்க்கப்பட்டது. பிராமணரல்லாத வகுப்பு மாணவர்களே இடமின்றி அலைந்த நிலையைக் கண்டு, டாக்டர் சி. நடேச முதலியார் முதல் உலகப்போர்க் காலத்தில் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்னும் விடுதியை நடத்தினார். நிலமும் பொருளும் உடைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இந்நிலை என்றால், நம் பிள்ளைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

அக்காலத்தில் நமக்குக் குரல் கொடுத்தவருள் முதன்மையானவர் எம்.சி. இராஜா அவர்கள். பரங்கிமலையில் பிறந்து, இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ஆசிரியர் குலத்தில் வந்த நமக்கு இது தனிப்பெருமை. 1920இல் சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் பேராளராக அமர்ந்து கல்விக்காக வாதாடினார். அக்காலத்தை ஒட்டித் தாழ்த்தப்பட்டோர் நலனைக் கவனிக்க அமைந்த தொழிலாளர் துறை, பள்ளிகளையும் உதவித்தொகையையும் விடுதிகளையும் நடத்தலாயிற்று. முதியோர் இன்றும் ‘லேபர் பள்ளி’ என்று சொல்வது இதனாலேயே. அத்துறையின் பணியே பின்னர் அரிசன நலத்துறையாகவும், அதன்பின் ஆதிதிராவிடர் நலத்துறையாகவும் தொடர்ந்தது.

அடுத்த தலைமுறையிலேயே கனி தோன்றியது. என். சிவராஜ் அவர்கள் சென்னைச் சட்டக்கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்து எல்லா வகுப்பு மாணவர்க்கும் சட்டம் கற்பித்தார். 1945இல் சென்னை மாநகரின் மேயரும் ஆனார். அவர்தம் துணைவியார் அன்னை மீனாம்பாள் சிவராஜ் பல்கலைக்கழகத்தின் செனட் உறுப்பினராகப் பணியாற்றினார். வாயிலுக்கு வெளியே நின்ற குலத்தில் தோன்றிய ஒரு பெண்மணி, உள்ளே அமர்ந்து ஆட்சி செய்வோருள் ஒருவரானார்.

சட்டம் தந்த இடம்

நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் தோன்றிய வகுப்புவாரி உரிமை ஆணை, 1927இல் முத்தையா முதலியாரின் முயற்சியால் நடைமுறைக்கு உகந்த வடிவம் பெற்றது. பன்னிரண்டு பணியிடங்களுள் தாழ்த்தப்பட்டோர்க்குக் கிடைத்தது ஒன்று. பின்னர் இம்முறை கல்லூரிச் சேர்க்கைக்கும் வந்தது. 1950 அளவில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் பதினான்கு இடங்களுக்கு இரண்டு நமக்குரியவை. செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றம் 1951இல் இவ்வாணையைச் செல்லாதென்றது. தமிழகம் கொதித்தெழுந்தது, தந்தை பெரியார் போராடினார். அவ்வாண்டே அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது.

1971இல் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஒதுக்கீடு 18 விழுக்காடாயிற்று. 1990இல் பழங்குடியினர்க்குத் தனியே 1 விழுக்காடு கிடைத்தது. 2009இல் நம் அருந்ததியச் சகோதரர்க்கு 18க்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. நடுவணரசின் கீழுள்ள கிண்டித் தொழில்நுட்பக் கழகமோ 1959இல் தோன்றியது. எனினும் அங்கு நமக்கு ஒதுக்கீடு வந்தது 1973இல்தான். முதற் பதினான்கு ஆண்டுகள் அவ்வாயில் நம்மை எண்ணியும் பார்க்கவில்லை.

விடுதி என்னும் இரண்டாம் வீடு

இடம் கிடைத்தால் போதுமா? கட்டணமும் உணவும் வேண்டாவா? அண்ணல் அம்பேத்கர் வைசிராய் ஆட்சிக்குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் பட்டியல் வகுப்பு மாணவர்க்கான உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. நம் வீடுகளில் தோன்றிய முதற் பட்டதாரிகளுள் மிகப்பலர் அத்தொகையால் படித்தவரே.

சைதாப்பேட்டையில் எம்.சி. இராஜா பெயரால் விளங்கும் கல்லூரி மாணவர் விடுதியை அறியாதார் நம்மில் யார்? பல மாடிக் கட்டடமாக அது 2025இல் புதுப்பொலிவு பெற்றது. வடஆர்க்காட்டுப் பிள்ளையும் தஞ்சைப் பிள்ளையும் ஒரே அறையில் தங்கி, ஒருவர் பேச்சை மற்றவர் எள்ளி நகையாடிப் பின் உயிர்த்தோழராவது இத்தகைய விடுதிகளிலேதான். இடநெருக்கடி உண்டு, உணவில் குறை உண்டு. ஆயினும் ஊரை எண்ணி உறங்காத முதல் இரவில், ‘சாப்பிட்டாயா தம்பி?’ என்று கேட்க ஓர் அண்ணன் அங்கே இருக்கிறான். பெரிய வளாகங்கள் பலவற்றில் இக்குரல் கேட்பதில்லை.

இன்றைய வளாகம்

இன்று வளாகங்களின் தோற்றமே மாறிவிட்டது. உழவர் மகனும் மீனவர் மகளும் வடநாட்டு மாணவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். 1914இல் தோன்றிய இராணி மேரிக் கல்லூரி இருக்கும் இடத்தில் தலைமைச் செயலகம் கட்ட 2003இல் அரசு முனைந்தபோது, மாணவியர் ஒன்றுபட்டுப் போராடித் தம் கல்லூரியைக் காத்தனர். பொதுவான ஒரு காரியத்தில் தோளோடு தோள் நிற்கும்போது வேற்றுமை கரைகிறது என்பதற்கு இது சான்று.

மாறாத பகுதியும் உண்டு. கிண்டித் தொழில்நுட்பக் கழகத்தில் 2014இல் மாணவர் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் ஏற்பு 2015 மே திங்களில் விலக்கப்பட்டு, நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் ஜூன் திங்களில் மீண்டும் அளிக்கப்பட்டது. 2018 டிசம்பரில் அங்குள்ள ‘ஹிமாலயா’ உணவுக்கூடத்தில், சைவ உணவினர்க்கும் அசைவ உணவினர்க்கும் தனித்தனி வாயில், தனித்தனிக் கைகழுவுமிடம் என அறிவிப்புகள் ஒட்டப்பட்டிருந்தன. மாணவர் எதிர்த்தபின் அவை அகற்றப்பட்டன. உணவு அவரவர் விருப்பம். கைகழுவும் தொட்டியைப் பிரிப்பது உணவைப் பற்றியதா, உண்பவரைப் பற்றியதா? திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் தோன்றி ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் பந்தி முழுவதும் நேராகவில்லை.

இழிவு இன்று நேர்முகமாக வருவதில்லை, வினாவாக வருகிறது. ‘எந்த ஊர்?’ என்பான், பின் ‘ஊருக்குள்ளா, காலனியா?’ என்பான். உதவித்தொகைப் பட்டியலுக்காக நம் பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வதும் உண்டு. நம் பணிக்காலத்தில், நல்ல மதிப்பெண் பெற்றுச் சென்ற பிள்ளைகள் முதற் பருவத்திலேயே மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியதைக் கண்டிருக்கிறோம். ‘பாடம் கடினமா?’ என்று கேட்டால் இல்லை என்பர். ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கும் கூட்டத்தினிடையே பேசுவதற்கு ஓர் ஆள் இல்லை என்பதே மெய்யான காரணமாக இருக்கும். அறிவுக் குறையால் அன்று, தனிமையால் நாம் இழந்த பட்டங்கள் பல.

செய்யத்தக்கன

இளைஞர்களே! மணி அடித்த பின் நுழைந்து, கலையும் முன் வெளியேறும் மாணவராக நீங்கள் இருக்க வேண்டிய காலம் போயிற்று. நூலகம், விளையாட்டுத் திடல், நாட்டு நலப்பணித் திட்டம், பேச்சு மன்றம் ஆகிய அனைத்தும் உங்களுடையவை. ஊரைக் கேட்பவனுக்கு நிமிர்ந்து விடை சொல்லுங்கள். பிற வகுப்பு நண்பரைத் தேடிக் கொள்ளுங்கள். நம்மைவிட எளியவனாக ஒருவன் மூலையில் நின்றால் அவனை உங்கள் இலைக்கருகே அழையுங்கள். அவமதிப்பு நேர்ந்தால் உள்ளத்தில் புதைக்காதீர். பல்கலைக்கழக மானியக்குழு 2012இல் வகுத்த விதிகள், பாகுபாடு பற்றிய முறையீட்டைக் கேட்கத் தனி அலுவலர் வேண்டும் எனக் கூறின. அவரிடம் எழுத்தில் கொடுத்துப் படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துப் பெரியோர்க்கும் மூன்று வேண்டுகோள். உதவித்தொகை கைக்கு வருமுன் உணவுக் கட்டணம் வந்துவிடுகிறது; அந்த முதல் மாதங்களுக்கென ஒரு நிதி வையுங்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே வளாகத்தில் பயிலும் மூத்த மாணவர் ஒருவரை அடையாளம் காட்டுங்கள். திங்களுக்கு ஒரு ஞாயிறு, நகரில் படிக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அழைத்து ஒன்றாக அமர்த்திச் சோறிடுங்கள். பெருஞ்செலவில்லாத இம்மூன்றும் ஒரு பட்டத்தைக் காக்கும். ஒரு பட்டம் ஒரு குடும்பத்தைக் காக்கும்.

வகுப்பறையில் இடத்தை நம் தலைவர்கள் பெற்றுத் தந்தார்கள். பந்தியில் இடத்தை நிறைவு செய்வது நம் தலைமுறையின் கடன். வளர்க நம் சங்கத்தின் தொண்டு!