டம்டம் தட்டும் எங்கள் பத்தடி ஹாலும்

போன மாதம் அப்பா சென்னையிலிருந்து வந்திருந்தார். வயது எண்பது. லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டின் பத்தடி ஹாலில், ஆசை ஆசையாக எம்.எஸ். கச்சேரி ஒன்றைப் போட்டேன். ஐந்து நிமிஷம் கேட்டார். "ஏண்டா, குரல் எங்கே? தொப்பிதான் கும்கும்முங்கறது. குடத்துக்குள்ள உக்காந்து கேக்கற மாதிரி இருக்கு" என்றார். போனஸ் பணத்தில் வாங்கிய ஸ்பீக்கர்! எனக்கு முகம் தொங்கிப் போச்சு.

உண்மையில் குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை, அறை. இந்த ஊரில் அந்தக் கதை நூறு வருஷத்துக்கும் மேல் பழசு.

1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் இங்கே வந்து, ஹோட்டல் அறையில் வைத்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழாய்க்கு நேரே நின்று பாட வேண்டும். அந்த அதிர்விலேயே ஊசி அசைந்து மெழுகில் கோடு கீறும். குழாய்க்குக் காது மந்தம், கிட்டே இருப்பதுதான் கேட்கும். அதனால் அறையின் எதிரொலி தட்டில் அதிகம் ஏறவில்லை. 1908ல் சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை வந்தது, பிறகு டம்டமில். பழைய எச்.எம்.வி. தட்டுகளின் லேபிளில் 'டம்டம்' என்று படித்திருப்பீர்களே, அதேதான். மயிலாப்பூரில் சுழன்ற எம்.எஸ். தட்டு எங்க ஊர் சரக்கு :-)

1925 வாக்கில் மைக் வந்தது. குரலோடு அறையும் பதிவுக்குள் நுழைந்தது. ஆனால் அறையை அடக்கும் வித்தை அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1895ல் ஹார்வர்டில் ஒரு வகுப்பறையில் பேசிய பேச்சு ஐந்து விநாடிக்கு மேல் முழங்க, சேபைன் என்ற பேராசிரியர் பக்கத்து அரங்கின் மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கெடுத்தார்.

ஸ்டூடியோ திருந்தியது. நம் ஹால்? எதிரெதிர் சுவர் பத்தடி தள்ளியிருந்தால் 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112லும் ஒலி வீங்கும். தொப்பியின் கனம் ஏறக்குறைய அந்த வட்டாரம்தான். சுவரோரம் உட்கார்ந்தால் இன்னும் மோசம். அப்பாவின் நாற்காலி சுவரோரம்!

முதலில் நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்தேன். ஜமக்காளம் விரித்தேன். பிறகு அளவு மைக் ஒன்றை அப்பாவின் காது உயரத்தில் வைத்து, 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளால் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு அளந்தேன். கணக்கு வழக்கம் போலத்தான்: ரெகன்சிலியேஷன் போட்டு, வித்தியாசத்துக்கு எதிர்ப்பதிவு. மேடுகளை மட்டும் வெட்டினேன். பள்ளங்களைத் தொடவில்லை. அவை வாராக்கடன் மாதிரி. எவ்வளவு கூட்டினாலும், திரும்பி வரும் அலையும் அதே அளவு கூடி எல்லாவற்றையும் முழுங்கிவிடும்.

மறுநாள் அதே கச்சேரி. அப்பா பேசவே இல்லை. பல்லவி முடிந்ததும், "இப்பதான் பாடறா" என்றார்.

ஒரு குறை உண்டு. இந்தத் திருத்தம் அளந்த இடத்துக்கு மட்டும்தான் சரி. என் சோபாவில் உட்கார்ந்தால் சுமார்தான். அப்பா ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. மைக்கை இடம் மாற்றி அளக்க அரை மணி போதும். மனசு வரவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்கிறேன்.